வெள்ளைச்சேலை வேதக்காரம்மாக்கள்

மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தைப் பொறுமையாகப் படித்தவர்கள் குறைவு. இவன் அவனைப் பெற்றான், அவன் இவனைப் பெற்றான் என்று நாற்பது தலைமுறைக்கு மேல் நீளும் வம்ச வரலாறு அது. பெரும்பாலானோர் அதைத் தாண்டி, நட்சத்திரமும் சாஸ்திரிகளும் வருகிற இடத்துக்குப் போய்விடுவார்கள். எங்கள் ஆச்சி தாண்டமாட்டாள். அத்தனை ஆண் பெயர்களுக்கும் நடுவில், மரியாளுக்கு முன்னால், நான்கு பெண்கள் இருக்கிறார்கள். தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி. ஆச்சி விரலை மடக்கி எண்ணுவாள். "மாமனாரை மடக்கிப் போட்டவ ஒருத்தி. தாசித்தொழில் பண்ணினவ ஒருத்தி. வேத்து சாதிக்காரி ஒருத்தி. ராசா ஆளனுப்பி இழுத்துட்டுப் போனவ ஒருத்தி. சாராள் பேரு இல்ல, ரெபெக்காள் பேரு இல்ல. ஏம்னு யோசிச்சியாளா?"

ஆச்சி என்றால் என் அம்மாவின் அம்மா. இருபத்து சொச்சம் வயதில் தாத்தாவை வாந்திபேதிக்குக் கொடுத்தவள். மிஷன் போர்டிங்கில் படித்த படிப்பு கைகொடுத்ததால் சங்கரன்கோவில் பக்கம் ஊர் ஊராகப் போகும் வேலை கிடைத்தது. சம்பளப் பதிவேட்டில் அந்த வேலைக்குப் பெயர் 'பைபிள் உமன்'. ஊரில் 'வேதக்காரம்மா'. கரையில்லாத வெள்ளைச்சேலை, கறுப்புக் குடை, துணிப்பை. பைக்குள் கறுப்பு அட்டை போட்ட வேதம், பாட்டுப் புத்தகம், அரிச்சுவடி ஒன்று, யூக்கலிப்டஸ் தைலக் குப்பி. நான் மேலநீலிதநல்லூரில் குடியேறி, வாத்திச்சியாக வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். இந்த ஒன்றியத்தின் பல ஊர்களில் என்னை இன்னும் 'வேதக்காரம்மா பேத்தி' என்றுதான் சொல்கிறார்கள்.

வேதத்தில் வரும் துணிச்சலான பெண்களைப் பற்றிக் கோயிலில் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எஸ்தரின் பக்தி, ரூத்தின் கீழ்ப்படிதல், அன்னாளின் ஜெபம் என்று நல்ல பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்துச் சொல்வார்கள். ஆச்சி சொன்ன கதைகளில் அந்தப் பெண்கள் வேறு மாதிரி இருந்தார்கள். அதற்குக் காரணம் ஆச்சியின் கெட்டிக்காரத்தனம் மட்டுமில்லை என்பது திருநெல்வேலி மிஷன் வரலாற்றைப் படித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. எங்கள் ஜில்லாவில் இந்தக் கதைகளைத் திண்ணை திண்ணையாகச் சுமந்தவர்களில் பலர் கைம்பெண்கள். அவர்களில் முதலாவதாக நிற்பவளுக்குச் சபை ஞானஸ்நானமே மறுத்திருக்கிறது.

அவள்தான் கிளாரிந்தா. தஞ்சாவூர் மராத்திப் பிராமணப் பெண், இளவயது விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியோடு வாழ்ந்தாள். உடன்கட்டைச் சிதையிலிருந்து அவர் அவளை மீட்டார் என்பது வழிவழியாக வரும் கதை. பெருங்குளத்துக்காரரான அ. மாதவையா 1915-ல் ஆங்கிலத்தில் எழுதிய 'கிளாரிந்தா' நாவல் அந்தக் கதையை ஊரறியச் செய்தது. பின்னால் சரோஜினி பாக்கியமுத்து அதைத் தமிழில் தந்தார். கிறிஸ்தவரல்லாத மாதவையா அவளைப் பற்றி எழுதியதில் இருக்கிற மரியாதை, மிஷன் அறிக்கைகள் எதிலும் எனக்குத் தென்படவில்லை.

லிட்டில்டன்தான் அவளுக்குக் கிறிஸ்தவ மார்க்கத்தைச் சொல்லிக்கொடுத்தார். தஞ்சாவூரில் இருந்தபோதே அவள் ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டாள். மணமாகாமல் ஒருவரோடு வாழ்கிறாள் என்று அவர் மறுத்துவிட்டார். ஷ்வார்ட்ஸ் சாதாரண ஆள் இல்லை. ஜெர்மனியிலிருந்து வந்து தமிழைப் படித்து, தஞ்சை மன்னர் முதல் கும்பினி அதிகாரிகள் வரை எல்லோரும் நம்பிய மனிதர். விதிப்படிதான் நடந்துகொண்டார். ஆனால் குற்றம் இருவருக்கும் பொதுவல்லவா? லிட்டில்டன் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர். அவருக்குப் புதிதாக மறுக்க ஒன்றுமில்லை. வாசலில் நின்றவள் அவள் மட்டும்தான்.

ஐந்து புருஷர்களைப் பார்த்துவிட்டு, புருஷன் என்று சொல்ல முடியாத ஒருவனோடு இருந்த சமாரியப் பெண்ணின் கதை யோவான் நாலாம் அதிகாரத்தில் வருகிறது. கிணற்றடியில் இயேசுவோடு வாதாடியவள், குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடி ஊரையே கூட்டிக்கொண்டு வந்தாள். "ஷ்வார்ட்ஸ் ஐயரு அன்னைக்கு நாலாம் அதிகாரம் வாசிக்கலை போல" என்று ஆச்சி சிரிப்பாள். அவளுடைய சிரிப்பில் கொஞ்சம் குத்தலும் இருக்கும்.

லிட்டில்டன் பாளையங்கோட்டைக்கு மாற்றலானார். அவளும் கூடவே வந்தாள். சில காலத்தில் அவர் இறந்துபோனார். இரண்டாம் முறை தனியானவள் தஞ்சாவூருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கி, தான் கற்றதை அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லத் தொடங்கினாள். அதாவது, சபையில் சேர்க்கப்படாத ஒருத்தி சபையைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். 1778-ல் ஷ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது மறுப்பதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. ராசா கிளாரிந்தா என்ற பெயரில் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-ல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலில் 40 பேர் இருந்தார்கள். இன்று திருநெல்வேலித் திருமண்டலம் என்று லட்சக்கணக்கில் கணக்குச் சொல்கிறோமே, அதன் முதல் பக்கம் அந்த நாற்பது பெயர்கள்தான்.

அடுத்து அவள் கோயில் கட்டினாள். கையில் இருந்ததைப் போட்டாள். கோட்டையிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகளிடமும் வாங்கினாள். 1785-ல் ஷ்வார்ட்ஸ் மறுபடி வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். அதே பயணத்தில்தான் சிறுவன் ஒருவனைத் தஞ்சாவூருக்குப் படிக்க அழைத்துப் போனார். பின்னாளில் கீர்த்தனைகளால் பெயர்பெற்ற வேதநாயக சாஸ்திரியார் அந்தச் சிறுவன். கோயிலுக்கு இன்றும் ஊரார் வைத்திருக்கும் பெயர் பாப்பாத்தியம்மாள் கோவில். நிரந்தரமாக ஒரு போதகர் வேண்டுமென்று தஞ்சாவூருக்கே போய்க் கேட்டவளும் அவள்தான் என்பது மிஷன் மரபு. ஷ்வார்ட்ஸ் அனுப்பிய சத்தியநாதன் 1790 கடைசியில் குருப்பட்டம் பெற்றார்.

இதில் இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கோயில் நின்றது கும்பினிக் கோட்டைக்குள். எங்கள் பக்கத்து நெற்கட்டும்செவலில் பூலித்தேவரை அடக்கப் படை நடத்தியவர்களும், பிற்பாடு ஊமைத்துரையைச் சிறையில் அடைத்து 1801 பிப்ரவரியில் தப்பவிட்டவர்களும் அதே கோட்டைக்காரர்கள்தான். மேலநீலிதநல்லூரில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரிப் பிள்ளைகளிடம் கிளாரிந்தாவைப் பற்றிப் பேசினால், "அவங்க வெள்ளைக்காரன் ஆளுதானே டீச்சர்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எரிகோவின் மதில்மேல் குடியிருந்த ராகாபையும் அந்த ஊர்க்காரன் அப்படித்தான் கேட்டிருப்பான். தன்னைத் தாசியாக வைத்திருந்த ஊருக்கு அவள் என்ன கடன்பட்டாள் என்று நான் திருப்பிக் கேட்பேன். கைம்பெண்ணை எரிக்கவோ மொட்டையடித்து மூலையில் உட்காரவைக்கவோ தயாராக இருந்த வீட்டுக்குக் கிளாரிந்தா என்ன கடன்பட்டாள்?

கிளாரிந்தாவுக்குப் பிறகு வெகுகாலம் மிஷன் ஆண்கள் கையில் இருந்தது. எங்கள் வடதிருநெல்வேலிப் பக்கம் 1854-ல் ராக்லண்ட், ஃபென், மெடோஸ் என்று மூன்று வெள்ளைக்காரர்கள் கூடாரம் போட்டு ஊர்ஊராகப் பிரசங்கித்தார்கள். ராக்லண்ட் 1858-ல் சிவகாசியில் இறந்தார். உழைப்பாளிகள், சந்தேகமில்லை. ஆனால் சாவடியிலும் சந்தையிலும் நின்று பேச முடிந்ததே தவிர, அடுப்படி வரை அவர்களால் போக முடியவில்லை. வீட்டுக்குள் இருக்கிற பெண்ணிடம் பேசப் பெண்தான் வேண்டும்.

அப்படியொரு வேலைக்கு லண்டனில் 1857-ல் ஆள் எடுக்கத் தொடங்கினார் எலன் ரான்யார்ட் என்ற அம்மையார். அங்கே ஏழைகள் குடியிருந்த சந்துகளில் அந்தச் சந்துப் பெண்ணையே அனுப்பினால் கதவு திறக்கும் என்பது அவர் கண்ட யுக்தி. 'பைபிள் உமன்' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. வேலை என்னவோ இங்கே எப்போதோ தொடங்கிவிட்டது. உபதேசியார்களின் மனைவிமார் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்ததற்குப் பட்டியலும் சம்பளமும் பின்னால் வந்தன. படிப்பு சொல்லிக்கொடுக்க சாராள் டக்கர் பெயரில் பாளையங்கோட்டையில் பள்ளி இருந்தது. நோயாளியாக இங்கிலாந்தில் படுக்கையோடு இருந்து, தென்னிந்திய மிஷனைப் பற்றிப் புத்தகம் எழுதி, இந்தியாவைப் பார்க்காமலே 1857-ல் மறைந்தவர் அவர். அவர் பெயரால் வளர்ந்த கல்லூரியில் எங்கள் ஜில்லாப் பெண்கள் எத்தனை தலைமுறை படித்தார்கள்! 1880-ல் பெண்களுக்கென்றே செனானா மிஷன் சங்கம் உருவாகி வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாக்கள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னே நடந்து, வீட்டு வாசலில் நின்று, "உள்ளே வரலாமா தாயி?" என்று கேட்டவர்கள் எங்கள் ஆச்சி போன்றவர்கள்.

யார் இந்த வேலைக்கு வந்தார்கள்? கட்டுக்கழுத்திகளை வீட்டில் விடமாட்டார்கள். குமரிகளைத் தெருவில் விடமாட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் தாலியறுத்தவர்கள். முன்னால் வந்தால் சகுனம் சரியில்லை என்று ஊர் ஒதுங்கிப் போன அந்த வெள்ளைச்சேலையே அவர்களுக்கு ஊர் சுற்றும் உரிமையைக் கொடுத்தது. தனியாக நடந்துபோகும் கைம்பெண்ணை யாரும் கணக்கில் எடுப்பதில்லை அல்லவா? ஊர் கணக்கில் எடுக்காததை இவர்கள் உபயோகப்படுத்திக்கொண்டார்கள். தாமாரும் அதைத்தானே செய்தாள்? இரண்டு புருஷர்களை இழந்தவளை மாமனார் யூதா பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிட்டான். கைம்பெண் உடையைக் களைந்து முக்காடு போட்டு வழியோரம் உட்கார்ந்தாள், அவனே வந்தான். முத்திரை மோதிரத்தையும் கைக்கோலையும் அடகாக வாங்கி வைத்துக்கொண்டாள். கர்ப்பமானதும் எரித்துப்போடச் சொன்ன மாமனாரின் முன்னால் அந்தக் கைக்கோல் வந்து விழுந்தது. இந்தக் கதையை ஆச்சி சிறுபிள்ளைகள் இருக்கும்போது சொல்லமாட்டாள். கைம்பெண்கள் நாலுபேர் தனியாகக் கூடினால் கட்டாயம் சொல்வாள்.

விடிகாலையில் நீராகாரம் குடித்துவிட்டுக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் ஒரு ஊர். பனவடலிசத்திரம், தேவர்குளம் பக்கமெல்லாம் நடைதான், அபூர்வமாக மாட்டுவண்டி. பருத்தி எடுப்புக் காலத்தில் வீட்டில் ஆள் இருக்காது, காட்டுக்கே போய்ப் பருத்தி எடுத்துக்கொண்டே பேச வேண்டும். சில வீடுகளில் திண்ணைக்கு மேல் ஏறவிடமாட்டார்கள். தண்ணீர் கேட்டால் கையைக் குவிக்கச் சொல்லி மேலேயிருந்து ஊற்றுவார்கள். ஆச்சி குடித்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்து, வேதத்தைத் திறப்பாள். சபைக்குள்ளேயும் சாதி இருந்ததால் அவளுக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

முதலில் ஒரு பாட்டு. பிறகு கதை. முடிவில், விருப்பமுள்ளவளுக்கு அரிச்சுவடி. கதையை எங்கே நிறுத்துவது, யாருக்கு எதைச் சொல்வது என்பதில்தான் தொழில் இருந்தது. தெபோராள் பேரீச்சமரத்தடியில் உட்கார்ந்து நியாயம் விசாரித்தாள் என்று வேதத்தில் இருக்கும். இங்கே பேரீச்சமரத்தை யார் கண்டார்கள்? ஆச்சி பனைமரம் என்றே சொல்லிவிடுவாள். பனையடியில் ஒரு பொம்பளை உட்கார்ந்து வரப்புச் சண்டை தீர்க்கிறாள், படைத்தலைவன் பாராக் அவள் கூட வந்தால்தான் போருக்குப் போவேன் என்று அடம்பிடிக்கிறான் என்றதும் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு தாங்காது. தோற்று ஓடிவந்த சிசெராவுக்கு யாகேல் பாலைக் கொடுத்துத் தூங்கவைத்து, நெற்றிப்பொட்டில் கூடார ஆணியைச் சுத்தியால் அறையும் இடத்தில், "பால் குடுத்துட்டு அடிச்சது பாவமில்லையா?" என்று ஒருத்தி கேட்பாள். "அவன் தாய்க்காரி சன்னல் வழியா பாத்துக்கிட்டு, எம்பிள்ளை கொள்ளையில பொம்பளையப் பங்குபோட்டுக்கிட்டு இருப்பான்னு சொன்னாளே, அது புண்ணியமா?" என்று ஆச்சி கேட்பாள். நியாயாதிபதிகள் ஐந்தாம் அதிகாரத்துக் கடைசியை இத்தனை கூர்மையாகப் பிடித்த பிரசங்கியாரை நான் பார்த்ததில்லை.

எனக்கு மறக்காதது மருத்துவச்சி கதை. ஒரு ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கும் கிழவி ஒருத்தி ஆச்சிக்குக் கூட்டாளி. பள்ளி விடுமுறையில் ஆச்சியோடு போனபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எகிப்தின் ராஜா எபிரெய மருத்துவச்சிகளைக் கூப்பிட்டு, ஆண்பிள்ளை பிறந்தால் கொன்றுவிடுங்கள் என்கிறான். சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு பேரும் கொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, எபிரெயப் பெண்கள் பலசாலிகள், நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பெற்றுவிடுகிறார்கள் என்று பதில் சொல்லிவிட்டார்கள். கிழவி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அரமனைக்காரனுக்குப் பேறுகாலத்தப் பத்தி என்ன தெரியும்? என்ன சொன்னாலும் நம்பிருவான்" என்றாள். ஆச்சி அடுத்து ஒன்று சொன்னாள்: "அந்த ராசா பேரு வேதத்துல இல்லக்கா. பார்வோன்னு பதவிதான் எழுதியிருக்கு. மருத்துவச்சி ரெண்டு பேருக்கும் பேரு எழுதியிருக்கு." கிழவி இரண்டு பெயரையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

கிழவி கடைசிவரை வேதத்துக்கு வரவில்லை. ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் கோமதியம்மன் சந்நிதியில் மாவிளக்கு வைப்பதையும் விடவில்லை. கணக்குப் பார்த்தால் ஆச்சிக்குத் தோல்விதான். எத்தனை வீடு, எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று மாதக் கணக்குக் கேட்ட மேலிடத்துக்கு அவள் இந்த வீட்டைப் பற்றி என்ன எழுதினாளோ. அரியும் சிவனும் ஒன்றாகக் காட்சிதர வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்று சாதித்த அம்மனின் ஊரில், பிடிவாதக்காரப் பெண்களின் கதை எடுபடுவதற்குப் பஞ்சமில்லை.

கத்தோலிக்கர் பக்கம் இன்னொரு ஓட்டம் இருந்தது. கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டியில் ஊழியம் பார்த்த வீரமாமுனிவர் தேம்பாவணியோடு, கித்தேரியம்மாள் என்ற கன்னி வேதசாட்சியைப் பற்றி ஓர் அம்மானையும் பாடி வைத்திருக்கிறார். அவர்கள் வேதத்தில் யூதித்து ஆகமம் உண்டு. எதிரி சேனாதிபதி ஒலோப்பெர்னேயின் தலையை அவன் வாளாலேயே வெட்டி, சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்த கைம்பெண் யூதித்து. எங்கள் பிராட்டஸ்டண்ட் வேதத்தில் அந்த ஆகமம் இல்லாதது ஆச்சிக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பாள். 1948-ல் வந்த 'ஞானசௌந்தரி' சினிமாவோ சாதி மதம் பார்க்காமல் எல்லாப் பெண்களையும் அழவைத்தது. கை வெட்டப்பட்டு காட்டுக்குத் துரத்தப்பட்ட அந்த இளவரசிக்காக அழுத கண்களில் முக்கால்வாசி விபூதி பூசிய நெற்றிக்குக் கீழே இருந்தவை.

ஆமி கார்மைக்கேல் அம்மாவை எல்லோரும் அறிவார்கள். 1896 முடிவில் திருநெல்வேலிக்கு வந்து, பண்ணைவிளையில் தமிழ் படித்து, பெண்கள் குழு ஒன்றோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனார். கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த ஏழு வயதுச் சிறுமி பிரீனா 1901 மார்ச்சில் தப்பி ஓடிவந்து அவரிடம் சேர்ந்தாள். டோனாவூரில் அவர் நடத்திய குழந்தைகள் இல்லத்தின் கதை அங்கே தொடங்குகிறது. 1951 ஜனவரியில் அவர் இறந்தபோது, சொல்லி வைத்திருந்தபடி கல்லறைக் கல் இல்லை. பறவைகள் குளிக்கும் தொட்டி ஒன்றில் தாய் என்று பொருள்படும் ஒரு சொல்லை மட்டும் செதுக்கினார்கள். அந்தப் பெண்கள் குழுவின் முதுகெலும்பு பொன்னம்மாள். அவளும் இளம் விதவை. குழுவிலிருந்த பெண்கள் நகையைக் கழற்றினார்கள். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது திருநெல்வேலிக்காரிக்குத்தான் புரியும். காது வளர்த்துப் பாம்படம் தொங்கவிட்ட சீமையில் வெறுங்காதோடு நடப்பது குடும்பத்துக்கே அவமானம். குழந்தைகளைக் காப்பாற்ற அலைந்து, நெய்யூரில் சிசுக்களை வைத்துப் பராமரித்த பொன்னம்மாள் 1915-ல் புற்றுநோயில் இறந்தாள். கார்மைக்கேல் அவள் வாழ்க்கையைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். அப்படி எழுத ஆள் வாய்த்த பைபிள் உமன் ஜில்லாவிலேயே அபூர்வம்.

சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளையும் ஆச்சி விடமாட்டாள். தாவீது அரசன் சவுல் வம்சத்தில் ஏழு பேரைக் கிபியோனியர் கையில் ஒப்புக்கொடுத்தான். மலைமேல் தூக்கிலிடப்பட்ட அந்த ஏழு பேரில் இருவர் அவள் பெற்றவர்கள். பாறையில் இரட்டுப்புடவையை விரித்து உட்கார்ந்து, வாற்கோதுமை அறுப்பு தொடங்கியதிலிருந்து மழை பெய்யும்வரை, பகலில் பறவையையும் இரவில் மிருகத்தையும் விரட்டினாள். அரசனுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசவில்லை. விஷயம் அரண்மனைக்கு எட்டி, தாவீது எலும்புகளைப் பொறுக்கி மரியாதையாக அடக்கம் பண்ண வேண்டியதாயிற்று. பிள்ளையை வெட்டிக்கொன்ற வழக்குக்கு நீதி கேட்டு ஆஸ்பத்திரி வாசலில் உடலை வாங்க மறுத்து உட்காரும் தாய்மாரை நம் ஜில்லா அடிக்கடி பார்க்கிறது. அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 2 சாமுவேல் 21 ஞாபகம் வரும். இந்த அதிகாரத்தை வைத்துப் பிரசங்கம் பண்ணின ஐயரை என் வயதில் ஒரே ஒருவரைத்தான் கேட்டிருக்கிறேன்.

செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேரின் கதை எண்ணாகமம் 27-ல் இருக்கிறது. ஆண்பிள்ளை இல்லாமல் தகப்பன் செத்தான். ஐந்து பேரும் மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் முன்னால் நின்று, எங்கள் தகப்பன் பங்கை எங்களுக்குக் கொடுங்கள் என்றார்கள். மோசேயே தீர்ப்புச் சொல்லத் தெரியாமல் கர்த்தரிடம் கேட்டான். அவர்கள் கேட்டது சரி என்று பதில் வந்தது. நம் ஊரில் இது நடக்க எவ்வளவு காலமாயிற்று! 1925-ன் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கிறிஸ்தவ மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்கிறது. திருவிதாங்கூரில் அதைக்கூடத் தரவில்லை. மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-ல் தீர்ப்பு வாங்கினார். இந்துப் பெண்களுக்குத் தமிழ்நாட்டில் 1989-ல் பூர்வீகச் சொத்தில் பங்கு கிடைத்தது. சட்டம் ஒருபக்கம் இருக்க, கல்யாணத்துக்குப் போட்ட நகையைக் காட்டி அக்கா தங்கைகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் மட்டும் மதம் பார்ப்பதில்லை. என் தாய்மாமன்மார் ஆச்சியின் வேதத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டு, என் அம்மாவிடம் கையெழுத்துக் கேட்டார்கள். ஆச்சி எண்ணாகமத்தைத் திறந்து அவர்கள் மடியில் வைத்தாள். கருசக்காட்டில் இரண்டு ஏக்கர் என் அம்மா பெயருக்கு வந்தது இப்படித்தான்.

இந்தத் தொழில் எப்போது தேய்ந்தது என்று ஒரு வருஷத்தைக் குறிக்க முடியாது. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வந்தது, அரசு நர்சம்மா வந்தாள், வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாக்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது சங்கங்களின் காசு வரவும் மாறிவிட்டது. ஆச்சி ஓய்வு பெற்றபோது கைக்குக் கொஞ்சம் பணமும் ஒரு சால்வையும் கிடைத்தன. பென்ஷன் கிடையாது. அவளோடு வேலை பார்த்த உபதேசியாருக்கு இருந்தது. கேட்டதற்கு, பைபிள் உமன்கள் ஊழியர் பட்டியலில் சேரமாட்டார்கள் என்று சொன்னார்களாம். திருச்சபையில் பெண்ணுக்கு முதல் குருப்பட்டம் 1976-ல் எலிசபெத் பாலுக்குக் கிடைத்தது. முதல் பெண் பேராயராக ஏகோணி புஷ்பலலிதா 2013-ல் நந்தியால் திருமண்டலத்துக்கு வந்தார். தெபோராள் என்று பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் நாம் காட்டிய வேகத்தை, தெபோராளை உட்காரவைப்பதில் காட்டவில்லை.

மிஷன் சங்கங்களின் அச்சிட்ட அறிக்கைகளில் மிஸ்ஸியம்மாக்களின் பெயர் முழுசாக இருக்கும். அவர்களுக்குக் கீழே வேலை பார்த்த தமிழ்ப் பெண்கள் பல இடங்களில் வெறும் எண்ணிக்கை. யாத்திராகமத்தை எழுதியவர் பார்வோனை விட்டுவிட்டு மருத்துவச்சிகளின் பெயரை எழுதினார். நாம் தலைகீழாகச் செய்துவிட்டோம். ஆனால் அந்தப் பெயர்கள் அடியோடு அழிந்துவிடவில்லை. சேகரத்துப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டிலும் கல்யாணப் பதிவேட்டிலும் அடக்கப் பதிவேட்டிலும் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. இதை வாசிக்கிறவர்கள் உங்கள் சபை ஐயரிடம் அனுமதி கேட்டு அந்த ஏடுகளைப் புரட்டுங்கள். கரையான் தின்றது போக மிச்சமிருக்கும் பக்கங்களில் 'பைபிள் உமன்' என்று எங்கே கண்டாலும், அதற்கு எதிரே இருக்கும் பெயரையும் ஊரையும் வருஷத்தையும் ஒரு நோட்டில் எழுதி, சபை வரலாறு அச்சிடும்போது சேர்க்கச் சொல்லுங்கள்.